துளை விழாத இடங்கள்

மாமா வீட்டுப் பட்டறையில் எட்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. திருச்செங்கோட்டிலிருந்து பள்ளிபாளையம் போகும் பாதையில், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளிய ஊர். மொட்டை மாடியில் ஏறினால் ஒரு பக்கம் திருச்செங்கோட்டு மலை, இன்னொரு பக்கம் சங்ககிரி. முழுப் பரீட்சை லீவுக்கு அங்கே போனால் முதல் இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கமே வராது. சுவர் அதிரும், தண்ணீர்ச் சொம்பு அதிரும். மூன்றாவது ராத்திரி பழகிவிடும். லீவு முடிந்து நாமக்கல்லில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும், இப்போது சத்தம் இல்லாமல் தூக்கம் வராது.

விடிகாலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் மாமா எல்லாத் தறிகளையும் நிறுத்தி எண்ணெய் விடுவார். அந்தப் பத்து நிமிஷம்தான் அந்த வீட்டில் ஒருத்தர் பேசுவது இன்னொருத்தர் காதில் விழும். ஆணியில் மாட்டியிருந்த ரேடியோவை அப்போதுதான் திருகுவார். முதலில் தம்புராவின் ரீங்காரம், பிறகு அதன் மேல் மெல்ல ஏறி வரும் ஒரு வயலின். ஆகாசவாணியின் அடையாள இசை. தார் சுற்றிக்கொண்டிருக்கும் அம்மாயி ராட்டையிலிருந்து கையை எடுத்துவிடும். மாமா எண்ணெய்க் கேனைப் பிடித்தபடி அப்படியே நிற்பார். அவர்கள் இசை ரசிகர்கள் என்றெல்லாம் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேச மாட்டார்கள்.

அந்த இசையை அமைத்தது யார் என்று நான் தெரிந்துகொண்டபோது எனக்கு இருபத்தெட்டு வயது. பெங்களூரில் ஓர் அலுவலகத்தில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். அதை அமைத்தவர் வால்டர் கௌஃப்மன் என்ற யூதர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. 1907-இல் பொஹிமியாவின் கார்ல்ஸ்பாத் நகரில் பிறந்தவர். பெர்லினில் இசை படித்தார். பிராகில் முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். ஆனால் தன் பேராசிரியர் நாஜி இளைஞர் அமைப்பில் பொறுப்பு வகிப்பது தெரிந்ததும் அந்தப் பட்டத்தை வாங்க மறுத்துவிட்டார். 1934 பிப்ரவரியில், 26 வயதில், பம்பாயில் வந்து இறங்கினார்.

வந்த சில மாதங்களிலேயே பம்பாயில் ஒரு சேம்பர் இசைச் சங்கத்தைத் தொடங்கினார். அதில் வயலின் வாசித்தவர் மெஹ்லி மேத்தா, பின்னாளில் உலகப் புகழ்பெற்ற நடத்துநர் சுபின் மேத்தாவின் அப்பா. 1937 முதல் 1946 வரை கௌஃப்மன் பம்பாய் வானொலி நிலையத்தில் ஐரோப்பிய இசைப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தார். பிறகு கனடா, அங்கிருந்து அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகம். 1976-இல் தென்னிந்திய ராகங்களைத் தொகுத்துக் கனமான ஒரு நூல் கொண்டுவந்தார். 1984-இல் இறந்தார்.

இவர் வாழ்க்கையில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சின்ன விஷயம். இந்திய இசையை முதலில் கேட்டபோது அவருக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. அந்நியமாக இருந்தது. அதற்கு அவர் சொல்லிக்கொண்ட சமாதானம் இப்படிப் போகிறது. இதயமும் அறிவும் உள்ள மனிதர்கள் உண்டாக்கிய இசை இது, கோடிக்கணக்கானவர்கள் இதை நேசிக்கிறார்கள், அப்படியானால் குறை என்னிடம்தான் இருக்க வேண்டும். அந்த வருடங்களில் அவருடைய ஐரோப்பா சொல்லிக்கொண்டிருந்தது இதற்கு நேர் எதிரானதை. எனக்கு அந்நியமாகத் தெரிகிறவன்தான் குறையுள்ளவன் என்று.

அவர் மனைவி கெர்ட்டி, ஃப்ரான்ஸ் காஃப்காவின் தங்கை எல்லியின் மகள். காஃப்காவுக்கு மூன்று தங்கைகள். 1924-இலேயே இறந்துபோனதால் காஃப்கா பார்க்க நேராத ஒன்றை அவர்கள் பார்த்தார்கள். எல்லியும் வல்லியும் 1941-இல் வூட்ஜ் நகரத்து யூதச் சேரிக்கு அனுப்பப்பட்டார்கள். கடைசித் தங்கை ஒட்லா தெரேசின் முகாமுக்குப் போனாள். 1943 அக்டோபரில் அங்கிருந்து ஒரு கூட்டம் குழந்தைகளுக்குத் துணையாகத் தானே முன்வந்து ரயில் ஏறினாள். ரயில் போனது ஆஷ்விட்ஸுக்கு. மூன்று பேரும் திரும்பவில்லை.

எங்கள் பட்டறையில் அம்மாயியின் ராட்டையை நிறுத்திய அந்த இசைக்குப் பின்னால் இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள்.

*

கௌஃப்மனைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆலிஸ் ஹெர்ட்ஸ்-ஸோமர் வந்து சேர்ந்தார். அவரும் பிராக் யூதர். 1903-இல் பிறந்த பியானோ கலைஞர். சிறுமியாக இருந்தபோது அவர் வீட்டுக்குக் காஃப்கா வந்து போவார், கதை சொல்வார். 1942-இல் ஆலிஸின் எழுபது வயது கடந்த அம்மாவை ரயில் ஏற்றிவிட்டார்கள். வழியனுப்பிவிட்டு நடந்து திரும்பும்போது, ஷோபானின் 24 எட்யூடுகளையும் கற்றுக்கொள் என்று தனக்குள்ளிருந்து ஒரு குரல் சொன்னதாக ஆலிஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எட்யூட் என்றால் பயிற்சிப் பாடம். நம் சரளி வரிசை, ஜண்டை வரிசை மாதிரிதான், ஆனால் மேடையில் வாசிக்கும் அளவுக்குக் கடினமும் அழகும் ஏறியது. நாளுக்குப் பல மணி நேரம் அதையே வாசித்தார்.

1943 ஜூலையில் அவரையும் கணவரையும் ஆறு வயது மகன் ரஃபியையும் தெரேசினுக்குக் கொண்டுபோனார்கள். அந்த முகாமுக்கு ஏறத்தாழ 1,40,000 பேர் கொண்டுவரப்பட்டார்கள். 33,000 பேர் பசியிலும் நோயிலும் அங்கேயே செத்தார்கள். கிட்டத்தட்ட 90,000 பேர் கிழக்கே இருந்த கொலை முகாம்களுக்கும் கொலைக்களங்களுக்கும் ரயில் ஏற்றப்பட்டார்கள். அங்கே ஆலிஸ் நூறுக்கும் மேற்பட்ட கச்சேரிகள் வாசித்தார். கணவர் 1944-இல் ரயில் ஏற்றப்பட்டார், திரும்பவில்லை. ஆலிஸும் ரஃபியும் பிழைத்தார்கள். ரஃபி செல்லோ கலைஞனாக வளர்ந்து 2001-இல் இறந்தான். ஆலிஸ் அதற்குப் பிறகும் லண்டனில் ஒரு சின்ன ஃபிளாட்டில் தினமும் பியானோ வாசித்தபடி வாழ்ந்து, 2014 பிப்ரவரி 23 அன்று 110 வயதில் இறந்தார். ஒரே வாரத்தில் அவரைப் பற்றிய குறும்படத்துக்கு ஆஸ்கார் கிடைத்தது.

அந்தப் படத்தில் ஆலிஸ் சிரித்துக்கொண்டே இருப்பார். யாரையும் வெறுக்கவில்லை என்பார். வாழ்க்கை அழகானது என்பார். அவர் முகத்தைப் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியாது. நானும் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் அவருடைய காணொளி ஒன்றை எடுத்து என் மாமா பையனுக்கு அனுப்பினேன்.

மச்சான் என்னைவிட மூன்று வயது மூத்தவன். மாமாவுக்குப் பிறகு பட்டறையைப் பார்த்துக்கொண்டவன். நூல் விலை, கரண்ட் பில், கூலி, கடன், வட்டி எல்லாம் சேர்ந்து அமுக்கியதில் எட்டுத் தறிகளையும் பழைய இரும்புக்குப் போட வேண்டி வந்தது. அந்த மாதம் நான் ஊருக்குப் போகவில்லை. ரிலீஸ் வேலை. அதற்குப் பதிலாகத்தான் காணொளி. கீழே தமிழில் நாலு வரியும் எழுதியிருந்தேன்: இந்தப் பாட்டி நாஜி முகாமில் இருந்தவர், அம்மாவையும் கணவரையும் பறிகொடுத்தவர், அப்படியும் எப்படிச் சிரிக்கிறார் பாருங்க மச்சான் என்று.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு குரல் செய்தி வந்தது. "பார்த்தேன் மாப்ள. அந்தப் பாட்டியே சிரிக்குது, உனக்கென்னடா கேடுன்னு கேக்கறயா?"

அவ்வளவுதான். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

*

தறி போனதையும் இன அழிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று இதைப் படிக்கிற யாருக்கும் தோன்றும். எனக்கும் தெரியும். ஆனால் அப்படிப் பக்கத்தில் வைத்தது நான்தான், மச்சான் இல்லை. உலகத்திலேயே பெரிய துயரத்தை ஓர் அளவுகோலாக எடுத்துக்கொண்டுபோய் அவன் துயரத்தின் பக்கத்தில் நிறுத்தி, பார், உன்னுடையது எவ்வளவு சின்னது என்று காட்டியிருக்கிறேன். ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு.

பள்ளிக்கூடச் சுவரில் இதையே வள்ளுவர் வாயால் எழுதிப் போட்டிருப்பார்கள். இடுக்கண் அழியாமை அதிகாரம். துன்பம் வந்தால் அதைப் பார்த்துச் சிரி. அந்தக் குறள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியது என்று இப்போது தோன்றுகிறது. அடுத்தவனுக்குச் சொன்னால் அர்த்தம் திரும்பிவிடும். தமிழில் நகுதல் என்றால் சிரிப்பது மட்டுமா, எள்ளி நகையாடுவதும்தான். மச்சான் காதில் விழுந்தது இரண்டாவது அர்த்தம்.

பிழைத்து வந்தவர் நம்பிக்கையோடு இருந்தார் என்பது ஒரு செய்தி. நம்பிக்கையோடு இருந்ததால் பிழைத்து வந்தார் என்பது வேறொரு செய்தி. முதலாவதைக் கேட்கும்போதே நம் மனம் இரண்டாவதை எழுதிக்கொள்கிறது. அந்த மாற்றம் எங்கே நடக்கிறது என்று யோசித்தபோது, என் தொழிலில் அடிக்கடி அடிபடும் ஒரு பெயர் ஞாபகம் வந்தது.

ஆபிரகாம் வால்ட். புள்ளியியல் அறிஞர். இன்று ருமேனியாவில் இருக்கும் க்ளுஜ் நகரில் 1902-இல் பிறந்த யூதர். ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிய 1938-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். போரின்போது அவரிடம் வந்த கேள்வி இது. சண்டைக்குப் போய்த் திரும்பும் விமானங்களில் எங்கெங்கே குண்டுத் துளைகள் இருக்கின்றன என்ற கணக்கு கையில் இருக்கிறது. விமானம் முழுக்கக் கவசத் தகடு போட்டால் பறக்காது. எந்த இடத்தில் போடலாம்? துளை அதிகம் உள்ள இடத்தில் என்றுதான் யாருக்கும் சொல்லத் தோன்றும். வால்டின் வாதம் வேறு. நீங்கள் பார்ப்பது திரும்பி வந்த விமானங்களை. அங்கே துளை விழுந்தும் அவை திரும்பி வந்திருக்கின்றன. எஞ்சினில் அடிபட்டது ஒன்றும் திரும்பி வரவில்லை, அதனால்தான் உங்கள் கணக்கில் எஞ்சினில் துளை இல்லை. கவசம் போட வேண்டியது துளை விழாத இடத்தில்.

தரவுகளோடு வேலை செய்கிற எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். தப்பியவற்றை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதே என்பதற்கு இதைத்தான் உதாரணம் சொல்வோம். எனக்குத் தெரியாமல் இருந்தது இதன் மிச்சம். வால்டின் குடும்பத்தில் பெரும்பாலானவர்கள் இன அழிப்பில் கொல்லப்பட்டார்கள். அவர் சொன்ன அந்தத் திரும்பி வராதவை, அவருக்கு வெறும் விமானங்களாக மட்டும் இருந்திருக்காது. இன்னொன்றும் தெரியாது. அவர் இறந்தது நம் ஊர்ப் பக்கம். இந்திய அரசின் அழைப்பில் விரிவுரைகளுக்காக வந்திருந்தவர், 1950 டிசம்பர் 13 அன்று மனைவியோடு போன ஏர் இந்தியா விமானம் நீலகிரி மலையில் மோதி இறந்தார். அந்த விமானத்தில் யாரும் பிழைக்கவில்லை.

*

வால்டின் கேள்வியை ஆலிஸ் கதையில் போட்டுப் பார்த்தேன். திரும்பி வராதவர்கள் யார்?

தெரேசினில் இசையமைப்பாளர்கள் பலர் இருந்தார்கள். விக்டர் உல்மன், பவெல் ஹாஸ், ஹான்ஸ் க்ராஸா, கிடியோன் க்ளைன். உல்மன் முகாமுக்குள் இருந்துகொண்டே ஓர் ஓபரா உட்பட இருபதுக்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதினார். க்ராஸாவின் 'ப்ரூண்டிபார்' என்ற சிறுவர் ஓபராவை முகாம் குழந்தைகளே 55 முறை நடித்துப் பாடினார்கள். ஆலிஸின் மகன் ரஃபிக்கு அதில் சிட்டுக்குருவி வேஷம். 1944 ஜூனில் செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்வையிட வந்தபோது இதே ஓபராவைத்தான் நாஜிகள் காட்டினார்கள், எவ்வளவு சந்தோஷமான முகாம் பாருங்கள் என்று.

1944 அக்டோபர் 16 அன்று தெரேசினிலிருந்து ஆஷ்விட்ஸுக்கு ஒரு ரயில் போனது. நான் சொன்ன நாலு பேரும் அதில் இருந்தார்கள். உல்மனும் ஹாஸும் க்ராஸாவும் போய்ச் சேர்ந்ததுமே கொல்லப்பட்டார்கள். க்ளைன் 1945 ஜனவரியில், 25 வயதில். அதே ரயிலில் போன நடத்துநர் கரெல் ஆன்செர்ல் மட்டும் பிழைத்து வந்து, செக் ஃபில்ஹார்மனிக்கைப் பல ஆண்டுகள் நடத்தினார். அவருடைய மனைவியும் குழந்தையும் ஆஷ்விட்ஸில் போய்விட்டார்கள். ப்ரூண்டிபார் பாடிய குழந்தைகளிலும் பெரும்பாலானவர்கள் திரும்பவில்லை.

இவர்களுக்கு நம்பிக்கை குறைவா? உல்மன் சாவதற்குச் சில வாரங்கள் முன்புவரை எழுதிக்கொண்டிருந்தார். ஆன்செர்லுக்கு க்ராஸாவைவிட இசைமீது பிரியம் அதிகமா? ஒரே ரயில், ஒரே இசை. ஒருவர் இந்தப் பக்கம், மற்றவர்கள் அந்தப் பக்கம். இசை காப்பாற்றியது என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், இறந்த இசைக்காரர்களின் நம்பிக்கையில் ஏதோ ஓட்டை இருந்தது என்று மறைமுகமாகச் சொல்லிவிடுகிறோம். ப்ரீமோ லெவி 1986-இல் எழுதிய கடைசி நூலில் இதைத் தன் மேலேயே போட்டுக்கொண்டார். பிழைத்து வந்த நாங்கள் உண்மையான சாட்சிகள் அல்ல, அடிவரைக்கும் போனவர்கள்தான் சாட்சிகள், அவர்கள் திரும்பவில்லை என்று.

இசையின் கையும் அவ்வளவு சுத்தமானதில்லை. அனிதா லாஸ்கர்-வால்ஃபிஷ் ஆஷ்விட்ஸ் பெண்கள் இசைக்குழுவில் செல்லோ வாசித்தவர். அந்தக் குழுவுக்கு ஒரு செல்லோ தேவைப்பட்டது, அவர் பிழைத்தார். காலையில் கைதிகள் வேலைக்கு அணிவகுத்துப் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் அவர்கள் மார்ச் இசை வாசிக்க வேண்டும். மருத்துவர் மெங்கலே வந்து கேட்டபோது ஷூமனின் இசையை வாசித்துக் காட்டியிருக்கிறார். குழந்தைகளைச் சோதனைக்கூட எலிகளாக்கியவன் அவன். அவனும் இசையை ரசிக்கிறவன்தான். போருக்குப் பிறகு அனிதா லண்டனில் வாழ்நாள் முழுக்க செல்லோ வாசித்தார். ஆனால் பல பத்தாண்டுகள் ஜெர்மன் மண்ணை மிதிக்க மறுத்தார். ஆலிஸ் அளவுக்கு அவர் சிரிக்கவில்லை. அதனால் அவர் வாழ்ந்தது குறைந்த வாழ்க்கையா? மச்சானுக்கு நான் ஏன் அனிதாவின் காணொளியை அனுப்பவில்லை?

பதில் சங்கடமானது. ஆலிஸின் சிரிப்பு எனக்குத் தேவைப்பட்டது. ஊருக்குப் போகாததற்கு, பணம் கேட்டுவிடுவானோ என்று உள்ளுக்குள் பயந்ததற்கு, எனக்கு ஒரு மருந்து வேண்டியிருந்தது. அவன் சிரித்துவிட்டால் நான் நிம்மதியாகத் தூங்கலாம். பிழைத்தவர்களிடமிருந்து நாம் கேட்டு வாங்கும் நம்பிக்கையில் பாதி நம் தூக்கத்துக்காகத்தான்.

*

அப்படியானால் ஆலிஸ் வாசித்ததற்கு அர்த்தமே இல்லையா? இந்த இடத்தில் நின்றுவிட எனக்கு மனசில்லை. நின்றால் அதுவும் உல்மனுக்குச் செய்யும் துரோகம்தான். பிழைப்பதற்கான வழி என்று நினைத்தா அவர் எழுதினார்?

அம்மாவை ரயில் ஏற்றிவிட்டு வந்த ஆலிஸ் எடுத்தது கச்சேரி உருப்படியை அல்ல, பயிற்சிப் பாடங்களை. பயிற்சி நாளைக்காகச் செய்வது. நாளை இருக்குமா என்று தெரியாத ஊரில் உட்கார்ந்து, இன்று சரியாக விழாத விரல் நாளை சரியாக விழ வேண்டும் என்று அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதை என்னவென்று சொல்வது? எல்லாம் நல்லபடியாக முடியும் என்ற எண்ணம் அதற்குத் தேவையில்லை. அடுத்த ஸ்வரம் சுத்தமாக விழ வேண்டும் என்ற அக்கறை போதும். பாவில் ஓர் இழை அறுந்தால் மாமா தறியை நிறுத்தி, குனிந்து, அந்த ஓர் இழையைத் தேடி எடுத்து முடி போட்டுச் சேர்த்துவிட்டுத் திரும்ப ஓட்டுவார். நூல் விலை இறங்குமா, பட்டறை தேறுமா என்ற கேள்விகளெல்லாம் அந்த முடிச்சுக்கு வெளியே இருக்கும். நம்பிக்கை என்ற பெரிய வார்த்தை வேண்டாமென்றால், இதை அக்கறை என்று சொல்லிக்கொள்ளலாம். பிழைத்தவர்களுக்கும் பிழைக்காதவர்களுக்கும் பொதுவாக இருந்தது இதுதான். ஆன்செர்லுக்கும் இருந்தது, க்ராஸாவுக்கும் இருந்தது. அது யாரையும் ரயிலிலிருந்து இறக்கிவிடவில்லை. ஆனால் ரயில் வரும்வரைக்குமான நாட்களை ரயில் அனுப்பியவர்களின் கையில் முழுசாகக் கொடுக்காமல் வைத்திருந்தது.

இதில் கேட்பவனுக்கு என்ன வேலை? இங்கேதான் கௌஃப்மனிடம் திரும்பிப் போகிறேன். புரியாத இசையின் முன்னால் உட்கார்ந்து, குறை என் காதில் இருக்கலாம் என்று முடிவு செய்து, அதைக் கற்க வாழ்நாளைச் செலவழித்தவர். அந்தப் பொறுமையில் பத்தில் ஒரு பங்கு இருந்திருந்தால் நான் மச்சானுக்குக் காணொளி அனுப்பியிருக்க மாட்டேன். போன் போட்டு, சும்மா இருந்திருப்பேன்.

தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். மச்சான் இப்போது நாமக்கல்லில் ஒரு லாரி பாடி பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறான். மாட்டுப் பொங்கல் ராத்திரி பழைய பட்டறையிலேயே பாய் விரித்துப் படுத்தோம். தறிகள் இருந்த இடத்தில் போல்ட் பிடுங்கிய துளைகள் வரிசையாக இருந்தன. எதிலும் சிமென்ட் அடைக்கவில்லை. காணொளியைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "எட்டுல எது மச்சான் நல்லா ஓடும்?" என்று கேட்டேன்.

எழுந்து உட்கார்ந்துகொண்டான். ஒரு மணி நேரம் பேசினான். எந்தத் தறியில் நாடா எங்கே முட்டும், எது மழைக்காலத்தில் மக்கர் செய்யும், எதற்கு மாமா என்ன பேர் வைத்திருந்தார் என்று. எட்டுக்கும் எட்டுச் சத்தம் என்றான். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டிருக்கிறது இத்தனை வருஷமும்.

"இத்தனை சத்தத்துல எப்படித்தான் தூங்குனீங்களோ" என்றேன்.

"சத்தத்துக்கு யாரு மாப்ள முழிப்பாங்க. எட்டுல ஒண்ணு நின்னு போச்சுன்னா, அப்பத்தான் டக்குனு முழிப்பு வரும்" என்றான்.